ஈரப் பக்கத்துச் சைபர்

"எங்க அம்மாவ மடிப்பு மேசைக்கு மாத்துங்க சார்."

கேட்டேவிட்டாள். கேட்கவே கூடாது என்று அம்மா கறாராகச் சொல்லியிருந்த ஒரே விஷயம் அது. இந்தச் சலவை ஆலையில் அவளுக்கு வேலை கிடைத்த அன்று காலையில், வாரிக்கொண்டிருந்த பின்னலைப் பிடித்து நிறுத்தி அம்மா சொன்னாள்: "அங்க யாருக்காக வேணா வாயத் திற. எனக்காக மட்டும் ஒரு வார்த்தை கேட்டுடாத. பத்தொம்பது வருசம் நின்னு சம்பாதிச்ச பேரு. பொண்ணு சிபாரிசுல உக்காந்துட்டான்னு யாரும் சொல்லக்கூடாது." மண்டையை மண்டையை ஆட்டியவள்தான். ஒன்றேகால் வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குப் பொறுமை போய்விட்டது.

பதில் சொல்வதற்கு முன் மேனேஜர் உட்கார வேண்டியிருந்தது. அது லேசான காரியமாக இல்லை. இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றி, மூச்சை உள்ளே இழுத்து, கண்ணாடிச் சாமான் பெட்டியை இறக்குவதுபோலத் தன்னை நாற்காலிக்குள் இறக்கினார். மூன்று வாரமாக ஜிம்முக்குப் போகிறார். மாடிப்படியில் அவர் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்குவதைப் பார்த்து ஆலையே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அவருக்கோ அந்த வலி நெஞ்சில் குத்திக்கொண்ட மெடல்.

"நேத்து காலுக்கு," என்றார் தொடையைத் தடவிக்கொண்டே. "கோச்சு விடமாட்டேங்கிறான்மா. மறுநாள் வலிச்சாத்தான் உழைச்சதா அர்த்தமாம்."

"சார், அம்மா விஷயம்."

"வரேன்." ஃபைலைப் பிரித்தார். "மேசையில ஒரே ஒரு எடம்தான் காலி. பிரசவத்துக்குப் போன பொண்ணோட எடம். அது புதுசுக்குன்னு முடிவு பண்ணியாச்சு."

புதுசு என்பது ஆளின் பட்டப்பெயர். வேலைக்கு வந்து பதினோரு நாள் ஆகிறது.

"பதினோரு நாளா, பத்தொம்பது வருசமா சார்?"

"நான் என்னம்மா பண்றது? உன் ஃபாரம் சொல்லுது." ஒரு கட்டுத் தாள்களை அவள் பக்கம் தள்ளினார். "புதுசு: கை அஞ்சு, முதுகு அஞ்சு, கால் நாலு. உங்கம்மா: சைபர், சைபர், சைபர். பதினாறு வாரமா சைபர். வலிக்கிறவள நிக்க வச்சுட்டு வலிக்காதவள உக்கார வைக்கச் சொல்றியா?"

அவளுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. ஏனென்றால் அது உண்மையிலேயே அவள் போட்ட ஃபாரம்தான்.

அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். படித்தது உடற்பயிற்சி அறிவியல். தொழிலாளர்களின் உடல்நலம் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று துணி அனுப்பும் ஆஸ்பத்திரி வற்புறுத்தியதால் ஆலை அவளை எடுத்தது. ஆலையில் எல்லோரும் அவளை 'டிகிரி' என்றுதான் கூப்பிடுவார்கள். நாலு மாதத்துக்கு முன் டிகிரி ஒரு வேலை செய்தாள். ஒரு மனித உருவம் வரைந்து, கைக்கு ஒரு கட்டம், முதுகுக்கு ஒரு கட்டம், காலுக்கு ஒரு கட்டம் போட்டு, தினமும் காலையில் சைபரிலிருந்து ஐந்து வரை வலிக்கு ஓர் எண் எழுதச் சொன்னாள். எழுத்துத் தெரியாதவர்களும் எண் எழுதலாம் அல்லவா. அடிபட்டவர்களைச் சீக்கிரம் கண்டுபிடிக்கத்தான் அது. இரண்டே மாதத்தில் மேனேஜர் அதை வரிசைச் சீட்டு ஆக்கிவிட்டார். யாருக்கு வலி அதிகமோ அவருக்கு மேசை. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

அம்மாவுக்கு எழுத்து வராது. சைபர் மட்டும் வளையல் போட்டதுபோல அத்தனை அழகாகப் போடுவாள். "என் வாழ்க்கையில வாங்கின ஒரே மார்க்கு இதுதான்டி. இதுலயும் முட்டை," என்று சிரிப்பாள்.

"சார், கேளுங்க. மறுநாள் வர்ற வலி, பழக்கமில்லாத வேலை செஞ்சா வர்றது. கஷ்டமான வேலைக்கு அது அளவே இல்ல. ஒரே வேலைய தெனமும் செஞ்சா வலி நின்னுடும். வேலை குறையாது. உடம்பு உள்ளுக்குள்ள தேஞ்சுட்டும் இருக்கலாம், வலி வரணும்னு சட்டமில்ல. அம்மாவோட வலது கைப் பிடி எடது கையில பாதிகூட இல்ல. கருவி வச்சு அளந்திருக்கேன்."

"பிடியெல்லாம் எனக்குத் தெரியாது. ஜிம்முல மூணு வாரமா நானும்தான் தெனமும் செய்யறேன். வலி நிக்கலையே."

"கோச்சு தெனமும் புதுசா ஒண்ணு கத்துக்கொடுக்கிறான், அதான்."

மேனேஜர் யோசித்தார். யோசிப்பவர்போல முகத்தை வைத்துக்கொண்டார் என்றும் சொல்லலாம். அப்போதுதான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள்.

"ஒரு அரை மணி நேரம் ஈரப் பக்கம் நின்னு பாருங்க சார். அம்மா பக்கத்துலயே நில்லுங்க. அதுக்கப்புறம் முடிவு பண்ணுங்க."

ஜிம்முக்குப் போகும் ஆம்பளையிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அரை மணி என்ன, முக்கால் மணியே நிக்கிறேன்," என்றார்.

ஆலைக்கு இரண்டு பக்கம். மடிப்புப் பக்கத்தில் காய்ந்த துணி வரும். உட்கார்ந்து மடிக்கலாம், வாய் வலிக்கப் பேசலாம். ஆறு பேர். ஈரப் பக்கத்தில் பதினாலு பேர். பெரிய மெஷின் சுற்றி நிற்கும்போது, ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகள் எல்லாம் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு ஒரே வடமாகக் கிடக்கும். அந்த வடத்தை மெஷின் வாய்க்குள் கைவிட்டு இழுத்து, உதறி, முறுக்குப் பிரித்து, வண்டியில் வாரிப்போட்டு, உலர்த்தும் மெஷின்வரை தள்ள வேண்டும். திரும்பி வரும்போது அடுத்த மெஷின் நின்றிருக்கும். தரை எப்போதும் நசநச என்று இருக்கும். அம்மாவுக்கு அங்கே 'கிரேன்' என்று பெயர்.

செவ்வாய்க்கிழமை மேனேஜர் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு இறங்கினார். ஈரப் பக்கமே களைகட்டிவிட்டது.

"சார், இன்ஷூரன்ஸ் எல்லாம் கட்டிட்டீங்களா?"

"வீட்ல சொல்லிட்டு வந்தாரான்னு கேளு முதல்ல."

"சும்மா இருங்கடி," என்று அதட்டிய அம்மா, தன் கையுறைகளில் ஒன்றைக் கழற்றி, ஈரம் உள்ளே வராமல் எப்படி மாட்டுவது என்று அவருக்குக் காட்டினாள். அவர் வடத்தைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தார். வடம் அசையவில்லை, அவர் முன்னால் வந்தார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"கையால இழுக்காதீங்க சார். ஒரு காலப் பின்னால வச்சு, இடுப்பால சாயுங்க. துணி தானா வரும்."

டிகிரி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் முகம் சிவக்க, சட்டை முதுகோடு ஒட்ட, நாற்பது நிமிடத்தில் ஆறு வண்டி நிரப்பினார். மோசமில்லை. அதே நாற்பது நிமிடத்தில் அம்மா பதினொன்று நிரப்பினாள். அவளுடைய வலது கை மட்டும் வடத்தை இறுக்கிப் பிடிக்காமல், அதைச் சுற்றி ஒரு கொக்கியைப்போல வளைந்து நிற்பதை டிகிரி கவனித்தாள். இழுப்பது எல்லாம் இடது கையும் முதுகும். மேனேஜர் கையைத் தட்டிவிட்டு மாடிக்குப் போனார். அம்மாவுக்கு அன்றைக்கு இன்னும் ஆறு மணி நேரம் பாக்கியிருந்தது.

புதன்கிழமை மேனேஜரால் தலை சீவ முடியவில்லை. வியாழக்கிழமை காலையில் தேநீர்க் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் வாயைக் கோப்பைக்குக் கொண்டுபோனார். டிகிரிக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது. இனிமேல் புரியாமல் போகுமா?

பத்து மணிக்குக் கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல் ஃபாரம். அவரே தனக்கும் ஒன்று பூர்த்தி செய்திருந்தார். கை ஐந்து, முதுகு ஐந்து, கால் ஐந்து. பக்கத்தில் அம்மாவுடைய ஃபாரம். மூன்று வளையல்.

"உன் பேச்சக் கேட்டு நின்னது நல்லதாப்போச்சு," என்றார் உண்மையான நன்றியோடு. "நாப்பது நிமிஷத்துல எனக்கு உயிர் போய் உயிர் வந்துச்சு. அன்னிக்கு ஒம்பது மணி நேரம் நின்ன உங்கம்மாவுக்கு ஒண்ணுமே இல்ல. அப்படின்னா என்ன? அவங்களுக்கு இது சுலபம். சிலருக்கு உடல்வாகு அப்படி. சுலபமா செய்யற ஆள அங்கேருந்து எடுத்துட்டு, எங்கள மாதிரி கஷ்டப்படறவங்கள அங்க நிறுத்தறது நியாயமாம்மா?"

எங்கள மாதிரி. நாற்பது நிமிடம் நின்றவர் ஈரப் பக்கத்துக்காரர் ஆகிவிட்டார். பத்தொன்பது வருடம் நின்றவள் உடல்வாகு ஆகிவிட்டாள்.

"சுலபம் இல்ல சார். பழக்கம்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல."

"சரி, அப்ப ஒண்ணு பண்ணு. உங்கம்மாவ நாளைக்கு அஞ்சுன்னு எழுதச் சொல்லு. மேசை அவங்களுக்கு. ஃபாரத்துல இருந்தா நான் மறுபேச்சு பேசமாட்டேன்." எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், உட்கார்ந்தபடியே இன்னொரு உறையை நீட்டினார். "ஆங், வருசாந்திர தகுதிச் சீட்டு. ஈரப் பக்கம் பதினாலு பேரு. 'தகுதி'ன்னு டிக் போட்டு கையெழுத்துப் போட்டுடு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயாகணும். சீட்டு இல்லாத ஆளு திங்கக்கிழமையிலேருந்து ஈரப் பக்கம் நிக்கக்கூடாதுன்னு அவங்க கண்டிஷன்."

அன்று சாயங்காலம் வீட்டில் அம்மா ஊறுகாய்ப் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தாள். வலது கையால் மூடியைத் திருகிப் பார்த்தாள். மகள் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறாள் என்று நினைத்து, மூடியைக் கதவிடுக்கில் வைத்து நெரித்து, பாட்டிலை இடது கையால் திருகினாள். அந்த வீட்டில் எல்லா மூடிகளும் நசுங்கியிருப்பதற்கான காரணம் இதுதான். ஒரு வருடமாக மகளுக்குத் தெரியும். தெரியும் என்பது அம்மாவுக்கும் தெரியும். பேச்சு மட்டும் எழுந்ததில்லை.

"அம்மா, நாளைக்கு ஒரு நாள் அஞ்சு போடு."

"எதுக்கு?"

"மேசை கெடைக்கும்."

அம்மா பாட்டிலை வைத்தாள். "கேட்டுட்டியா நீ?"

"கேட்டேன்."

"எதக் கேக்காதன்னு சொன்னனோ அதப் போய் கேட்டிருக்க." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "வலிக்கல. வலிக்காதத வலிக்குதுன்னு எழுதச் சொல்றதுக்கா உன்னப் படிக்க வச்சேன்?"

"கையில பிடியே இல்லம்மா."

"வலிக்கல இல்ல? அப்புறம் என்ன? சார் சொன்னது சரிதான். எனக்கு அது ஒரு வேலையாவே தெரியல."

காலேஜில் முதல் மாதம் நடந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. செய்முறை வகுப்பில் நூறு முறை உட்கார்ந்து எழச் சொன்னார்கள். மறுநாள் எல்லாப் பெண்களும் சுவரைப் பிடித்து நடந்துகொண்டு, யாருக்கு அதிகம் வலிக்கிறது என்று பெருமையடித்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து படுத்தவளின் காலை அம்மா பிடித்துவிட்டாள். "அப்படி என்னடி வேலை வாங்குனாங்க?" "உக்காந்து உக்காந்து எழுந்தேன்மா." "அதுக்கா?" என்றாள் அம்மா. அன்றைக்கு ஒன்பது மணி நேரம் நின்றுவிட்டு வந்து, இன்னும் கால் கழுவாமல், காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தவள். அதே தப்பை அப்போது இவளும்தான் செய்தாள். வலித்த காலுக்கு இரண்டு நாள் சீராட்டு. பிடித்துவிட்ட கையை ஒருவரும் கேட்கவில்லை.

"தகுதிச் சீட்டுல நான்தான் கையெழுத்துப் போடணும்," என்றாள் மகள். "உன் சீட்டுல என்ன எழுதட்டும்?"

"எல்லாருக்கும் எழுதறத எழுது."

"நெசத்த எழுதினா?"

"எழுதினா உன்கூடப் பேசமாட்டேன்." அம்மா தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்ச் சாப்பிட்டாள். அந்த வீட்டில் மொத்தமே இரண்டு அறைகள்தான்.

வெள்ளிக்கிழமை ஆலை தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே டிகிரி தன் மேசைக்குப் போய்விட்டாள். பிடி அளந்த நோட்டைப் பிரித்தாள். அம்மாவுக்கு மட்டும் அளந்தால் பேச்சு வருமே என்று போன வாரமே பதினாலு பேருக்கும் அளந்திருந்தாள். இடது பக்கம் பிடி அளவை எழுதினாள், வலது பக்கம் வலி எண்ணை எழுதினாள். எழுதி முடித்துவிட்டு வரிசையாகப் படித்துப் பார்த்தாள். ஐந்து பேர் தினமும் நாலும் ஐந்துமாக வலி எழுதியிருக்கிறார்கள். ஐந்து பேரும் வந்து ஒரு வருடத்துக்குள். ஐந்து பேருடைய பிடியும் இரும்பு. மீதி ஒன்பது பேர் ஆறு வருடத்துக்கு மேல் ஆனவர்கள். ஒன்பது பேரும் சைபர், எப்போதாவது ஒன்று. ஒன்பது பேருடைய வலது கையும் பாதிக்குக் கீழே. வலியைக் கேட்டுக் கேட்டு வாங்கிய பதினாறு வாரத் தாள்களும், யாருக்கு ஒன்றும் ஆகவில்லையோ அவர்களைத்தான் ஒழுங்காகக் காட்டிக்கொடுத்திருந்தன.

முதலில் அம்மாவின் சீட்டை எடுத்தாள். 'தகுதி' என்ற சொல்லைப் பேனாவால் அடித்தாள். 'ஈரப் பக்க வேலைக்குத் தகுதி இல்லை. அமர்ந்து செய்யும் வேலை தரப்பட வேண்டும்' என்று எழுதி, இரண்டு கைகளின் அளவையும் குறித்து, கையெழுத்துப் போட்டாள். பிறகு அதேபோல இன்னும் எட்டுச் சீட்டு. பிறகு அந்த ஐந்து பேருக்கும் 'தகுதி'. பொய் ஒன்றும் இல்லை. அம்மா சொன்னபடியேதான், எல்லாருக்கும் எழுதுவதை எழுதினாள். ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்தாள். அசல்களை உறையில் போட்டு ஒட்டி, சுத்தத் துணி ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய வேன் அண்ணனிடம் கொடுத்தாள்.

"என்ன டிகிரி, லவ் லெட்டரா?"

"ஆமாண்ணே. ஒம்பது பேருக்கு."

"அடேங்கப்பா," என்று வண்டியைக் கிளப்பினார் அவர்.

மேனேஜர் பதினோரு மணிக்குத்தான் நகல்களைப் பார்த்தார். இந்த முறை வலியை மறந்து ஒரே மூச்சில் எழுந்துவிட்டார்.

"என்னது இது? ஒம்பது பேரு? உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"அளந்தத எழுதினேன்."

"உங்கம்மாவும் இருக்காங்க இதுல. எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடட்டுமா? அதான் உன் ஆசையா?"

"அனுப்புங்க சார். திங்கக்கிழமை ஈரப் பக்கம் அஞ்சு பேரு மட்டும் நிக்கட்டும். அஞ்சு பேருக்கும் கை தூக்க முடியலன்னு ஃபாரம் சொல்லுது. வலிக்கிறவங்கள மேசைக்கு அனுப்பணும்ங்கிறது உங்க சட்டம். நீங்கதான் அஞ்சு அஞ்சு அஞ்சுன்னு எழுதியிருக்கீங்க. உங்களையும் நிக்கச் சொல்ல முடியாது."

அவர் மனதுக்குள் கணக்கு ஓடுவது வெளியே தெரிந்தது. மேசையில் இருக்கும் ஆறு பேர் இந்தப் பக்கம் வர வேண்டும். ஒன்பது பேர் அந்தப் பக்கம் போக வேண்டும். அதை விட்டால் வேறு வழியே இல்லை. புதிதாக வந்து நிற்பவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்க அந்த ஒன்பது பேர் இல்லாமல் இந்த ஆலை ஒரு நாள்கூட ஓடாது. அதை அவரால் வாய்விட்டுச் சொல்லவும் முடியாது.

"வேற சீட்டு தரேன்," என்றார் குரலைத் தாழ்த்தி. "புதுசா எழுதிக் கொடுத்துடு. நடந்தது நடக்காத மாதிரி விட்டுடறேன். மேசையும் உங்கம்மாவுக்கே. இப்பவே சொல்லிடறேன்."

அது அவள் கேட்டதுதான். நாலு நாள் முன்னால் கிடைத்திருந்தால் காலில் விழாத குறையாக வாங்கிக்கொண்டு போயிருப்பாள்.

"அசல் காலையில வேன்லயே போயாச்சு சார்."

"அப்ப நீ திங்கக்கிழமை வரவேணாம்."

"தெரியும்." அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றினாள். பிடி அளக்கும் கருவியை மட்டும் பையில் போட்டுக்கொண்டாள். அது அவளுடையது, காலேஜில் பரிசாகக் கிடைத்தது. வலி ஃபாரக் கட்டு மேசைமேலேயே கிடந்தது. அதை எடுத்துக் கிழித்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று தோன்றியது. கிழிக்கவில்லை. அது அவள் கிறுக்கியதுதான், அவமானம் அங்கேயே இருக்கட்டும்.

வெளியே போக ஈரப் பக்கத்தைத் தாண்டியாக வேண்டும். விஷயம் அவளுக்கு முன்னால் இறங்கி வந்துவிட்டிருந்தது. எல்லோரும் கையை நிறுத்தாமல் அவளைப் பார்த்தார்கள். அம்மா மட்டும் பார்க்கவில்லை. மெஷின் வாய்க்குள் தோள்வரை கையை விட்டு, வடத்தை இழுத்துக்கொண்டிருந்தாள். மறுமுனையைப் புதுசு பிடித்திருந்தாள்.

"அக்கா," என்றாள் புதுசு தயங்கித் தயங்கி, "டிகிரி போகுது."

அம்மா துணியிடம் சொல்வதுபோலச் சொன்னாள்: "அவகிட்ட சொல்லு. நாலு தலைமுறைக்கு ஒருத்தி படிச்சா, அவ என்னையே தகுதியில்லன்னு எழுதிட்டா."

புதுசு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். டிகிரியும் புதுசையே பார்த்துச் சொன்னாள்: "கைக்குத் தகுதியில்லன்னுதான் எழுதினேன்னு சொல்லுங்க. ஆளுக்கு இல்ல."

"அந்த ஆளுக்கு இருக்கிறதே அந்தக் கைதான்னு சொல்லு."

வடம் ஒரு பாகம் வெளியே வந்து தொப்பென்று தரையில் விழுந்தது. தண்ணீர் டிகிரியின் செருப்புவரை தெறித்தது. அவள் சீட்டை மாற்றி எழுதமாட்டாள்.

"வீட்டுச் சாவி ஆணியில மாட்டியிருக்கு," என்றாள் அம்மா, இன்னும் மெஷினுக்குள் பார்த்தபடியே. "எடுத்துட்டுப் போகச் சொல்லு. இல்லன்னா சாயங்காலம்வரைக்கும் வாசல்ல நிப்பா."

"எடுத்துக்கிறேன்னு சொல்லுங்க."

வருகைப் பதிவு மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள். ஆலையின் வெளிக்கதவு ஸ்பிரிங் வைத்த இரும்புக் கதவு. ஒரு வருடமாக அம்மா அதைக் கையால் தள்ளுவதில்லை, தோளால் முட்டித்தான் திறப்பாள். அந்த இடத்தில் பெயிண்ட் தேய்ந்து பளபளவென்று இருந்தது. மகள் அதே இடத்தில் கையை வைத்துத் தள்ளினாள். கதவு அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. இன்னொரு கையையும் வைத்துத் தள்ளித் திறந்து, வெயிலுக்குள் போனாள்.